குப்பியில் மீந்த மாவும் பீட்சா பேஸும்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு குப்பிகள் உண்டு. ஒன்றில் சவர்டோ ஸ்டார்ட்டர். மற்றதில், அதற்குத் தீனி போடும் முன் எடுத்துக் குறைக்கிற மாவு. முதல் குப்பியை நான் பார்த்துக்கொள்வேன். இரண்டாவதை என் மனைவி பார்ப்பாள். பார்ப்பாள் என்றால் முறைப்பாள். "மைதா சும்மாவா கிட்டுது? வாராவாரம் இப்பிடிக் கீழ கொட்டுகிய" என்பாள்.

மஸ்கட்டில் ஒரு ஹோட்டலின் பேக்கரிப் பிரிவில் 11 வருஷம் வேலைக்கு நின்றேன். அங்கே மீந்த மாவைக் கொட்டுவதற்கு யாரும் கணக்குக் கேட்டதில்லை. தக்கலைக்குத் திரும்பி வந்து சொந்தக் காசில் மைதா வாங்க ஆரம்பித்த பிறகுதான் கொட்டுகிற கை தயங்கியது. அந்தக் குப்பிமாவை (வீட்டில் அதற்கு அதுதான் பெயர்) தோசையில் கலந்தோம், பஜ்ஜிக்குக் கரைத்தோம். கடைசியில் பீட்சா பேஸில்தான் அதற்குச் சரியான இடம் கிடைத்தது. பத்திருபது தடவை பிசைந்து, ஐந்தாறு தடவை சொதப்பி, கையில் நின்ற கணக்கை எழுதுகிறேன்.

ஸ்டார்ட்டர் வைத்திராதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். மாவும் தண்ணீரும் சம எடையில் கலந்து, காட்டு ஈஸ்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் பெருகும்படி வளர்த்து வைத்திருப்பதுதான் ஸ்டார்ட்டர். இட்லி மாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் பாக்டீரியா. இதில் பொங்க வைப்பது ஈஸ்ட், புளிக்க வைப்பது பாக்டீரியா. ஏன் எடுத்துக் குறைக்க வேண்டும்? 50 கிராம் ஸ்டார்ட்டருக்கு 50 மாவும் 50 தண்ணீரும் போட்டால் 150 ஆகும். மறுமுறை அதே விகிதத்தில் போட்டால் 450. அதற்கு அடுத்த முறை 1,350. மூன்றே தீனியில் வீட்டில் ஒரு சட்டி நிறைய மாவு நிற்கும். அதனால் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடுகிறோம். அந்த மிச்சம்தான் குப்பிமாவு.

இனிதான் முக்கியமான சங்கதி. குப்பிமாவு பேஸைப் பொங்க வைக்காது. பசியோடு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் கிடந்த மாவில் ஈஸ்ட் சோர்ந்திருக்கும், புளிப்பு மட்டும் ஏறியிருக்கும். "சவர்டோ பீட்சா, ஈஸ்டே வேண்டாம்" என்று நம்பி இறங்கினால் காலையில் பிசைந்தது ராத்திரி வரை கல்லாகக் கிடக்கும். இல்லையென்றால் நம்ம ஊர் வெக்கையில் பொங்குவதற்கு முன்பே இளகிப்போகும். ஆகவே பொங்க வைக்கும் சோலியை அரை டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்டிடம் கொடுத்துவிடுங்கள். குப்பிமாவிடம் ருசியை மட்டும் கேளுங்கள். கேரள எல்லையைத் தாண்டி களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கள்ளு ஊற்றி ஆப்பம் சுடுவார்களே, அதில் கள்ளு ஒன்றே இரண்டு வேலையையும் செய்துவிடும். குப்பிமாவுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

அளவு இது. குப்பிமாவு 200 கிராம், மைதா 300 கிராம், தண்ணீர் 145 கிராம், உப்பு 8 கிராம், சர்க்கரை 5 கிராம், எண்ணெய் 15 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் அரை டீஸ்பூன். மொத்தம் 670 கிராம் சொச்சம் வரும். 220 கிராம் வீதம் மூன்று உருண்டை, ஒவ்வொன்றும் ஒன்பது பத்து அங்குல பேஸ்.

தராசு இல்லாவிட்டால், 240 மில்லி கப்பில் குப்பிமாவு ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைவாக எடுங்கள். எடுக்கும் முன் கரண்டியால் கலக்கிக் குமிழை அடக்கிவிட வேண்டும், நுரையோடு அளந்தால் அளவு பொய் சொல்லும். மைதா இரண்டரைக் கப். உப்பு ஒன்றேகால் டீஸ்பூன். கல்லுப்பு என்றால் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், மாவில் போட்டால் கரையாமல் பல்லில் படும். ஆனாலும் சின்னதாக ஒரு எலெக்ட்ரானிக் தராசு வாங்கிப் போடச் சொல்லுவேன். பேக்கரி வேலையில் கை அளவு என்பது முப்பது வருஷம் நின்ற மேஸ்திரிக்கு மட்டும்தான் பொருந்தும்.

கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் பிறகு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். 200 கிராம் குப்பிமாவில் பாதி மாவு, பாதி தண்ணீர். ஆக மொத்த மாவு 400, மொத்தத் தண்ணீர் 245. நூறு மாவுக்கு அறுபத்தொன்று தண்ணீர். நம்ம கடைகளில் கிடைக்கும் சாதாரண மைதாவுக்கு இது போதும். வெளிநாட்டுக் குறிப்புகளில் எழுபது, எழுபத்தைந்து என்று இருக்கும். அது புரதம் கூடிய ரொட்டி மாவுக்குச் சொன்னது. அதைப் பார்த்து இங்கே தண்ணீர் ஊற்றினால் மாவு கையோடு வந்துவிடும். 50 கிராம் மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போட்டால் மணம் நன்றாக இருக்கும், ஆனால் அது தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கும். ஒரு மேஜைக்கரண்டி கூட்டுங்கள். ஆனி ஆடிச் சாரலில் காற்றே ஈரமாக இருக்கும்போது மாவும் ஈரம் இழுத்திருக்கும். அப்போது 10 கிராம் தண்ணீரைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள்.

சர்க்கரையும் எண்ணெயும் எதற்கு என்று கேட்கலாம். நேப்பிள்ஸ் பீட்சா மாவில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர எதுவும் கிடையாது. அங்கே விறகடுப்பு 430 டிகிரிக்கு மேல் தகிக்கும், ஒன்றரை நிமிஷத்தில் பீட்சா வெந்து வெளியே வந்துவிடும். நம்ம வீட்டு ஓவன் 250 தாண்டாது. ஏழெட்டு நிமிஷம் உள்ளே கிடந்தால் ஈரம் வற்றி வரட்டி ஆகிவிடும். அதற்குத்தான் எண்ணெய். புளித்த மாவில் இருக்கிற இனிப்பை நுண்ணுயிர்கள் ஏற்கனவே தின்று தீர்த்திருக்கும், அதனால் பேஸ் சிவக்காமல் வெளிறிப்போய் நிற்கும். அதற்குத்தான் சர்க்கரை.

எண்ணெயில் ஒரு சூட்சுமம். வீட்டில் இருப்பது தேங்காய் எண்ணெய்தானே என்று முதல் தடவை அதையே ஊற்றினேன். மணம் கொள்ளாம், குறை சொல்ல முடியாது. ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்த மாவு மறுநாள் சுவர்ப்பூச்சு மாதிரி இறுகிப்போயிருந்தது. விரித்தால் விளிம்பு பிய்ந்தது. அன்றே பிசைந்து அன்றே சுடுவதானால் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் போடலாம். ஃப்ரிட்ஜில் வைக்கப்போகிறீர்கள் என்றால் சூரியகாந்தி எண்ணெய் போடுங்கள்.

சரி, பிசைவோம்.

குப்பிமாவையும் தண்ணீரையும் அகலமான பாத்திரத்தில் கரைத்து, மைதா, ஈஸ்ட், சர்க்கரை போட்டு, காய்ந்த மாவு கண்ணில் படாத அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். மூடி வைத்துவிட்டு 20 நிமிஷம் வேறு வேலை பாருங்கள். இந்த இருபது நிமிஷத்தில் மாவு தண்ணீரை இழுத்துத் தானாகவே பாதி பிசைந்துவிடும். வந்து பார்த்தால், முன்பு சொரசொரப்பாக இருந்தது தொட்டால் வழுக்கும். இப்போது உப்பும் எண்ணெயும் சேர்த்துப் பிசையுங்கள். முதல் இரண்டு நிமிஷம் எண்ணெய் ஒட்டாமல் மாவு துண்டு துண்டாகப் பிரியும். பயந்து மாவு தூவாதீர்கள், அப்புறம் சேர்ந்துகொள்ளும். உள்ளங்கை அடியால் முன்னே தள்ளி, விரலால் மடித்து, கால் வட்டம் திருப்பி, மறுபடி தள்ள வேண்டும். எட்டு நிமிஷம் போதும். பொறோட்டாக் கடையில் மாவை அடிக்கிற அடி இதற்கு வேண்டாம். ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி இரண்டு கை விரலாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியாமல் விரல் நிழல் தெரிகிற அளவுக்கு விரிந்தால் மாவு தயார். சட்டென்று அறுந்தால் ஐந்து நிமிஷம் மூடி வைத்துவிட்டு இன்னும் இரண்டு நிமிஷம் பிசையுங்கள். கை ஓய்ந்தால் மாவுக்கும் ஓய்வு நல்லதுதான்.

இனி பொங்க வைப்பது. குறிப்புகளில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று போட்டிருப்பது 21, 22 டிகிரி சமையலறைக்கு. நம்ம சமையலறை சாதாரண நாளிலேயே 30. ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். மணியைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள்.

நான் மணியையும் பார்க்கவில்லை, மாவையும் பார்க்காமல் போன ஒரு கதை உண்டு. ஒரு சித்திரை மாதம் காலை பத்து மணிக்குப் பிசைந்து மேடையில் வைத்துவிட்டு, ஒரு கையெழுத்துச் சோலியாக நாகர்கோவில் போனேன். அரை மணி நேரச் சோலி என்று சொன்னார்கள். திரும்பி வரும்போது மூன்று மணி. பாத்திரத்து மூடி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. உள்ளே கள்ளு மணம். கை விட்டால் நூல் நூலாக இழுத்தது, உருட்டினால் உருளவில்லை, வழிந்தது. இது பிசைந்ததில் வந்த குறை இல்லை. புளிப்பு ஏற ஏற மாவிலுள்ள நொதிகள், மாவுக்கு இழுவை கொடுக்கிற குளூட்டன் என்ற புரதத்தின் வலையை அறுத்துக்கொண்டே போகும். சாதாரண ஈஸ்ட் மாவு ஐந்து மணி நேரம் கிடந்தால் ஒருமுறை மறுபடி உருட்டிச் சமாளிக்கலாம். ஏற்கனவே புளித்த குப்பிமாவு சேர்ந்த மாவு அதைத் தாங்காது. அதனால்தான் 200 கிராமுக்கு மேல் போடாதீர்கள் என்கிறேன். தீர்ந்தால் சரி என்று மொத்தக் குப்பியையும் கவிழ்க்கத் தோன்றும். கவிழ்க்க வேண்டாம்.

அன்றைக்கு அந்த மாவை வீணாக்கவில்லை. இரும்புச் சட்டியில் எண்ணெய் தாராளமாக ஊற்றி, மாவை அப்படியே வழித்துப் போட்டு, சின்ன உள்ளியும் நல்லமிளகும் தூவி மூடிச் சுட்டோம். தடித்த ஊத்தப்பம் மாதிரி வந்தது. பக்கத்து வீட்டு மைனி வந்து ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "இது கொள்ளாமே, இதாக்கும் பீட்சாவா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இரட்டிப்பான மாவை அடிக்காமல் மெல்லக் கவிழ்த்து, மூன்றாக வெட்டி உருட்டுங்கள். அன்றே சுடுவதானால் எண்ணெய் தடவி மூடி 30 நிமிஷம் விட்டால் போதும். ருசி வேண்டுமென்றால் மறுநாள் வரை பொறுங்கள். அப்போது பிசைந்து முக்கால் மணி நேரத்திலேயே, பாதி பொங்கியதும் உருட்டி, மூடியுள்ள டப்பாக்களில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். உள்ளே போன பிறகும் மாவு குளிர நேரம் பிடிக்கும், அதுவரை பொங்கிக்கொண்டேதான் இருக்கும். 24 மணி நேரம் அருமை. 48 வரை பார்க்கலாம். அதைத் தாண்டினால் மேலே சொன்ன நூல் கதைதான். சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுத்து வெளியே வையுங்கள்.

விரிப்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. மனைவி சப்பாத்திக் கட்டையால் உருட்டுவாள். தட்டையாக, மொறுமொறுவென்று வரும், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். நான் கட்டையைத் தொடமாட்டேன். இரவெல்லாம் சேர்ந்த காற்றைக் கட்டை ஒரே உருட்டில் வெளியேற்றிவிடும். உருண்டையை நடுவிலிருந்து விரல் நுனியால் அமுக்கிக்கொண்டே வந்து, ஓரத்தில் ஒரு விரல் அகலத்தைத் தொடாமல் விடுங்கள். பிறகு இரண்டு முஷ்டியின் மேல் போட்டு மெதுவாகத் திருப்பினால் மாவின் எடையே மாவை இழுக்கும். சுருங்கிச் சுருங்கிப் பின்னால் போனால் மல்லுக்கட்டாதீர்கள், பத்து நிமிஷம் மூடி வைத்தால் வழிக்கு வரும்.

அடியில் ஒட்டாமல் இருக்க மைதா தூவாதீர்கள், அது ஈரத்தை இழுத்துப் பசையாகிவிடும். இடியாப்பத்துக்கு வறுத்து வைத்திருக்கிற அரிசி மாவைத் தூவுங்கள். நம்ம பக்கத்து வீடுகளில் அது எப்போதும் டப்பாவில் இருக்கும். ஈரம் சீக்கிரம் இழுக்காது, பேஸ் பலகையிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும்.

சுட மூன்று வழி உண்டு. ஓவன் உள்ளவர்கள் கனமான இரும்புத் தோசைக்கல்லை (மரப்பிடி, பிளாஸ்டிக் பிடி இல்லாதது) உள்ளே வைத்து 250 டிகிரியில் 40 நிமிஷம் காய விடுங்கள். ஓவன் விளக்கு அணைந்ததும் காய்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். காற்றுதான் சூடாகியிருக்கும், கல் சூடாக நேரம் வேண்டும். பேஸை அதன் மேல் இறக்கி மேலே வேண்டியதைப் போட்டு ஏழு முதல் ஒன்பது நிமிஷம். இடையில் கரண்ட் போனால் நான் பொறுப்பில்லை.

கேஸ் அடுப்பு மட்டும் இருந்தால் கவலை வேண்டாம், நான் பாதி நாள் இப்படித்தான் சுடுகிறேன். இரும்புக் கல்லை மிதமான தீயில் ஐந்தாறு நிமிஷம் காய வைத்து, தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடி மறைய வேண்டும். நான்-ஸ்டிக் கல்லை இந்தச் சூட்டுக்கு வைக்காதீர்கள். வெறும் பேஸை மட்டும் போட்டு மூடுங்கள். இரண்டு நிமிஷத்தில் மேலே கொப்புளம் கிளம்பும், அடியில் சிறுத்தைப்புள்ளி மாதிரி கறுத்திருக்கும். திருப்பிப் போடுங்கள். வெந்த பக்கம் இப்போது மேலே இருக்கிறது. அதன் மேல் சாஸும் சீஸும் போட்டு, தீயைக் குறைத்து, மறுபடி மூடி நான்கு நிமிஷம். வேகாத பக்கத்தில் சாஸ் தடவினால் நடு நசநசவென்று பச்சை மாவாக நிற்கும். கேஸ் அடுப்பில் பேஸ் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

இதில் ஒரே குறை, சீஸ் உருகுமே தவிர சிவக்காது. அதற்குத்தான் மூன்றாவது வழி, அம்மா கேக் சுட்ட வழி. முற்றத்தில் மூன்று கல் கூட்டி, அடியில் கொஞ்சம் கனல், மேலே பேஸ் வைத்த இரும்புத் தோசைக்கல், அதற்குக் கனமான இரும்பு மூடி, மூடியின் மேல் சிரட்டைக் கனல். சிரட்டையைத் தனியாக எரித்து, சுவாலை அடங்கிச் செக்கச்செவேலென்று ஆன பிறகுதான் மூடியில் அள்ளி வைக்க வேண்டும். சுவாலையோடு வைத்தால் புகை நாற்றம் ஏறும். மேல் கனல் கூடுதலாகவும் கீழ்க் கனல் குறைவாகவும் இருக்கட்டும். ஐந்து நிமிஷம் கழித்து மூடியை இடுக்கியால் ஒரே தூக்காகத் தூக்குங்கள், சாம்பல் விழுந்தால் எல்லாம் போச்சு. விளிம்பு அங்கங்கே கருகி, சீஸில் பழுப்புப் புள்ளி விழுந்து நிற்கும். மஸ்கட்டில் இருந்த கல் அடுப்புக்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை. கட்டாயம் வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய அறைக்குள் கனல் புகைந்தால் ஆளுக்கே ஆபத்து.

மேலே என்ன போடுவது என்பது உங்கள் பாடு. சாஸ் நீர்த்து இருக்கக் கூடாது, தக்காளியைச் சட்டியில் வற்ற வைத்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் குளச்சலில் இருந்து வருகிற சூரையை நல்லமிளகும் உப்பும் போட்டு வேகவைத்து உதிர்த்து, சின்ன உள்ளியோடு தூவுவோம். பீட்சாவில் மீனா என்று சிரிக்காதீர்கள். சூரையும் உள்ளியும் போட்ட பீட்சா இத்தாலிக்காரன் காலங்காலமாகத் தின்பதுதான்.

குப்பிமாவைச் சேர்த்து வைப்பது பற்றி. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம், பத்து நாள் வரை சேர்க்கலாம். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு சேரும். மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் நின்றால் கெட்டுப்போகவில்லை, பசி, கலக்கிக்கொள்ளலாம். நெயில் பாலிஷ் வாசம் அடித்தாலும் பசிதான். இளஞ்சிவப்போ ஆரஞ்சோ கோடு தெரிந்தாலும், பூஞ்சை பூத்தாலும் மேலாக வழித்துவிட்டு மிச்சத்தை எடுக்கலாம் என்று நினைக்காமல் குப்பியோடு வெளியே தள்ளுங்கள். ஸ்டார்ட்டரை வெளியே வைக்கிற நாளில் எறும்பு வரும். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் குப்பியை நிறுத்துங்கள்.

மூன்று பேஸும் ஒரே நாளில் தீராவிட்டால், இரண்டு பக்கமும் லேசாகச் சுட்டு, சிவக்கும் முன்னால் எடுத்து, சுளவில் பரப்பி நன்றாக ஆற விடுங்கள். தட்டில் ஆற வைத்தால் அடியில் வியர்த்துச் சவசவத்துப் போகும். ஆறியதும் கவரில் போட்டுக் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள், ஃப்ரீஸரில் ஒரு மாதம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்குக் கல்லில் போட்டு எடுக்க ஐந்து நிமிஷம். இப்போதெல்லாம் இரண்டாவது குப்பி காலியாக இருந்தால் "மாவு எங்க?" என்று மனைவி கேட்கிறாள்.